இரண்டேமுக்கால் சிசி

பூங்குழலி வாரத்தில் அதிகம் பேசும் நாள் திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஊர்சுற்றப் போய்ப் பழுதான வண்டிகளெல்லாம் அன்றைக்குத்தான் பட்டறைக்கு வரும். இன்ஜினைப் பிரித்துச் சாக்கில் கட்டிக்கொண்டு வருகிறவர்களிடம், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எங்கே வைத்துச் சூடானது, என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வாள். கேட்பதும் எழுதுவதும் கன்னடத்தில். முதலாளி வேலாயுதத்திடம் மட்டும் தமிழ். செவ்வாய்க்கிழமை உள்ளறைக்குள் போய்விட்டால் பேச்சு குறைந்துவிடும். வெள்ளி, சனியில் பஸ் கண்டக்டரிடம் பெண்களுக்கான இலவச டிக்கெட்டுக்கு ஆதார் அட்டையைக் காட்டி இறங்கும் இடத்தைச் சொல்வதே சில நாள் அவளுடைய முதல் பேச்சாக இருக்கும். அப்போது குரல் கரகரக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொல்வாள்.

பட்டறை பன்னிமண்டபம் பக்கம் இருக்கிறது. முன்னால் போரிங் மெஷினும் இரண்டு லேத்துகளும் ஓடும். பின்னால் ஓர் அறை. அதில் மட்டம் பார்த்துப் போட்ட கிரானைட் மேசை, மேசைமேல் தாங்கியில் நிற்கும், அளவுக்கோடுகள் போட்ட நீளக் கண்ணாடி ப்யூரெட். சிலிண்டரை மேலே மூடும் இன்ஜின் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, ஸ்பார்க் பிளக்கை முடுக்கி, விளிம்பில் கிரீஸ் தடவி, துளையிட்ட அக்ரிலிக் தகட்டை அதன்மேல் அழுத்துவாள். பிறகு அந்தத் துளை வழியாக ப்யூரெட்டிலிருந்து கெரசினை இறக்குவாள். முதலில் வேகமாக, கடைசியில் சொட்டுச் சொட்டாக. தகட்டுக்கு அடியில் மிஞ்சியிருக்கும் ஒற்றைக் காற்றுக்குமிழி நகர்ந்து நகர்ந்து துளைக்கு வந்து வெளியேறியதும் குழாயைத் திருகி நிறுத்துவாள். எத்தனை சிசி இறங்கியதோ அதுதான் அந்த ஹெட்டின் குழிவில் இருக்கும் இடம். இடம் குறைந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். இடம் கூடினால் அழுத்தம் குறையும். இரண்டு சிலிண்டர் இன்ஜினில் இரண்டிலும் ஒரே அழுத்தம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு ஓடி, ஏதோ ஒரு நாள் பிஸ்டன் ஓட்டையாகும்.

இந்த வேலையை அவள் இன்ஜினில் படிக்கவில்லை. நஞ்சன்கூட்டில் மருந்து தயாரிக்கும் ஒரு யூனிட்டில், சிரப் பாட்டில்களில் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவில் ஒன்பது வருஷம் இருந்தாள். யூனிட்டை வடக்கே எங்கோ மாற்றியபோது பழைய சாமான்களை ஏலம் விட்டார்கள். ப்யூரெட் வாங்க வந்த வேலாயுதம், இதை எப்படிப் பிடிப்பது என்று அவளிடம் கேட்டார். அவள் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். ப்யூரெட்டை வாங்கிக்கொண்டு போனவர் மறுவாரம் வந்து அவளையும் வேலைக்குக் கூப்பிட்டார். அது ஆறு வருஷத்துக்கு முன்பு. இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது.

விஜயநகரில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதியின் வீட்டு மாடியில் ஒற்றை அறை. கீழே அவர்களுடைய டிவி ஓடும் சத்தத்தில் அவளுக்கும் செய்தி தெரிந்துவிடும். இருபத்துநாலு வயதில் கொள்ளேகாலத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. பதினாறு மாதம். அதை இப்போது யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. தங்கை அஷ்வினி பெங்களூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மாலை போன் செய்வாள்.

உள்ளறையில் ஒன்று உண்டு. முன்பக்கத்து லேத் ஆட்கள், வேலாயுதம், வெளியூர் மெக்கானிக்குகள் எல்லாரும் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, எவ்வளவு வந்தது என்று கேட்பார்கள். அவள் ஓர் எண் சொல்வாள். அதைக் கேட்டுத்தான் மெஷின் ஓடும். வேறு எங்கேயும் யாரும் அவளிடம் எதையும் கேட்டுவிட்டுச் செய்வதில்லை.

எந்த வேலையைத் தொடங்கினாலும் முதல் உருப்படியின் மேல் வெள்ளை பெயிண்ட் பேனாவால் உ என்று போடுவாள். சொந்த ஊர் ராமாபுரத்தில் அவளுடைய அப்பா சோள மூட்டைகளை லாரியில் ஏற்றும்போது முதல் மூட்டைக்குப் போடுவார். அதைப் பார்த்து வந்த பழக்கம். படித்ததெல்லாம் கன்னடப் பள்ளியில். தமிழ் படிக்கத் தெரியும், எழுதிப் பழகவில்லை. அவள் கையால் எழுதும் தமிழ் என்று பார்த்தால் அந்த ஓர் எழுத்துதான்.

செப்டம்பரில் நரசிபுரம் சாலை ஏரியிலிருந்து அந்த வேலை வந்தது.

அங்கே ஒரு படகு கிளப் இருக்கிறது. தண்ணீர் ஸ்கூட்டர் மாதிரியான புது ஜெட் ஸ்கி இரண்டு சுற்றுலாக்காரர்களுக்கு. பழைய டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கி ஒன்று, யாராவது தண்ணீரில் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்க. அதன் முன்பக்கத்துச் சிலிண்டரில் தண்ணீர் கசிந்து, ஹெட் உட்காரும் முகம் அரித்துப்போயிருந்தது. கிளப்பின் மெக்கானிக் மாதேவசாமி சிலிண்டர்கள் இரண்டையும் ஹெட்டுகள் இரண்டையும் கொண்டுவந்து முன்னால் இறக்கிவிட்டுப் போனான். ஆறு வருஷமாக அவளும் அவனும் போனில் பேசுகிறார்கள், அதுவும் எண்களாக மட்டும். நேரில் பார்த்ததில்லை.

அரித்த முகத்தை லேத்தில் பிடித்து அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே சீவ வேண்டி வந்தது. சீவியதால் அந்தச் சிலிண்டர் குட்டையாகிவிட்டது. பழைய ஹெட்டை அப்படியே வைத்தால் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறும். பூங்குழலி கணக்குப் போட்டாள். இரண்டேமுக்கால் சிசி குறையும். ஆகவே முன்பக்கத்து ஹெட்டின் குழிவை அந்த அளவுக்குப் பெரிதாக்கச் சொன்னாள். வெட்டுவது, அளப்பது, மறுபடி வெட்டுவது என்று இரண்டு நாள் ஆனது. கடைசியில் ஹெட்டுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தன. அவற்றைத் தத்தம் சிலிண்டரில் வைத்தால் உள்ளே இருக்கும் இடம் ஒன்றாக இருக்கும். இரண்டும் முப்பத்தொரு சிசி.

வழக்கமாக ஹெட்டின் ஓரத்தில் கூர்முனை உளியால் தட்டி முதலாவதற்கு ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு புள்ளி வைப்பாள். இந்த முறை வெட்டியதில் விளிம்பு மெலிந்திருந்ததால், தட்ட வேண்டாம் என்று வேலாயுதம் சொல்லிவிட்டார். அட்டைத் துண்டுகளில் முன்னதற்கு 1, பின்னதற்கு 2 என்று எழுதிக் கம்பியால் கட்டி அனுப்பினாள்.

சனிக்கிழமை மதியம் வேலாயுதம் உள்ளறைக்கு வந்தார். கதவருகிலேயே நின்றார்.

"ஏரியிலிருந்து போன் வந்துச்சும்மா. அழுத்தம் முன்பக்கம் நூத்தி அறுபத்தஞ்சு பவுண்டு, பின்பக்கம் நூத்தி முப்பத்தாறு காட்டுதாம்."

"ரெண்டும் நூத்தம்பது வரணுங்கண்ணா."

"வரலியே."

"கேஜ் சரியா இருக்குதுங்களா?"

"நாம கேஜைச் சொல்லுவோம், அவன் நம்மளைச் சொல்லுவான்."

பிறகு அவர் மீதியைச் சொன்னார். தசராக் கூட்டம் தொடங்குமுன் அதிகாரிகள் புதன்கிழமை வந்து மீட்புப் படகான அந்தப் பழைய ஜெட் ஸ்கியை ஓட்டிப் பார்ப்பார்கள். அது ஓடாவிட்டால் தசரா முழுக்க ஏரியில் படகே விடக்கூடாது. கிளப் முதலாளி கத்தியிருக்கிறார். இனிமேல் ஹெட் வேலையெல்லாம் பெங்களூருக்கு அனுப்புவதாகவும், அங்கே கம்ப்யூட்டரில் அளக்கிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். வேலாயுதத்துக்கும் அது நெடுநாளாக மனதில் இருந்ததுதான். அளவு வேலையை மொத்தமாக அங்கே கொடுத்துவிட்டால் இந்த அறையில் சாமான் போட்டுக்கொள்ளலாம்.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார். "உன்னை அனுப்ப மாட்டேன். நீ முன்னாடி கவுன்டர்ல உக்காந்துக்க. நாலு பேர்கிட்டப் பேசின மாதிரியும் இருக்குமில்ல? இங்க தனியா..."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவள் ப்யூரெட்டின் குழாயைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"நாளைக்கு நானே போய் அளந்து பாத்துட்டு வர்றனுங்க."

"ஞாயித்துக்கெழமை லீவு நாள்லயா? வீட்ல..." என்று தொடங்கியவர், அவள் வீட்டில் என்ன இருக்கிறது என்று யோசித்து நிறுத்திக்கொண்டார். "சரி. போய்ட்டு வா."

பிவிசி பைப் ஒன்றில் பஞ்சடைத்து அதற்குள் ப்யூரெட்டை இறக்கி, இரண்டு பக்கமும் துணியால் கட்டினாள். காலை பஸ்ஸில் அதை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்டக்டர் அது என்ன, துப்பாக்கியா என்று கேட்டார். கண்ணாடி என்றாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. வழியெல்லாம் அவள் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டாள். சீவிய அளவு, சிலிண்டரின் விட்டம், குழிவு. எங்கேயும் தவறில்லை. தவறு இல்லாதபோது பயம் கூடியது. கணக்கில் இருந்தால் திருத்திவிடலாம். தன் கண்ணில், குமிழியைப் பார்க்கும் கண்ணில் இருந்தால் என்ன செய்வது? போன மாதம்தான் ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை ஆனது.

ஏரிக்கரையில் குடும்பம் குடும்பமாக மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்கள். பெடல் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றின் மூக்கிலும் சிவப்புப் பெயிண்டில் பெரிய கன்னட எண். பட்டறைக் கொட்டகை ஓரத்தில் இருந்தது.

மாதேவசாமிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள், கிளப் பெயர் போட்ட நீலச் சட்டை. அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். பட்டறையிலிருந்து வரும் அளவுச் சீட்டில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்து யாரோ ஓய்வுபெற்ற டீச்சர் என்று நினைத்திருந்ததாகக் கன்னடத்தில் சொன்னான். அவள் சிரித்தாள். கேஜைக் காட்டுங்கள் என்றாள்.

அவன் முறையாகத்தான் செய்திருந்தான். பிளக்குகளைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, முள் ஏறி நிற்கும்வரை இன்ஜினைச் சுற்றியிருந்தான். அவள் முன்னால் மறுபடி செய்தான். நூற்று அறுபத்தைந்து. நூற்று முப்பத்தாறு. புது ஜெட் ஸ்கிகளுக்கு வைத்திருக்கும் இன்னொரு கேஜை மாட்டினான். அதே எண்கள்.

"கேஜ் ரெண்டும் ஒரே பேச்சுப் பேசுது மேடம்" என்றான். "நாமதான் பேசி முடிக்கணும்."

ஜெட் ஸ்கி டிரெய்லரில் மூக்கைத் தூக்கி நின்றது. அப்படியே கெரசின் ஊற்றினால் மேல் மூலையில் காற்று தங்கிவிடும். டிரெய்லரின் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டைகளைத் தள்ளி, ஹெட்டின் மேல் அவள் வைத்த ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வரும்வரை இருவரும் மாறி மாறிச் சரிசெய்தார்கள். முன் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளையில் ப்யூரெட்டின் நுனியை வைத்தாள். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கெரசின் கீழே கசியுமுன் முடிக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு திருகினாள். துளையின் அடி மரைக்குக் கெரசின் வந்ததும் நிறுத்தினாள்.

முப்பத்தொன்று வர வேண்டிய இடத்தில் இருபத்தெட்டேகால்.

கெரசினை உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி அளந்தாள். இருபத்தெட்டேகால். பின்பக்கத்துக்குப் போனாள். அங்கே முப்பத்துமூன்றேமுக்கால்.

கொட்டகையின் நிழலில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சீட்டில் எழுதினாள். முன்னால் இரண்டேமுக்கால் குறைவு. பின்னால் இரண்டேமுக்கால் அதிகம். அந்த எண்ணை அவள் வேலை நடந்த நாளெல்லாம் மனதில் சுமந்திருந்தாள். எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். அளவில் தவறில்லை, கண்ணிலும் தவறில்லை. பெரிதாக்கிய ஹெட் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. பழைய ஹெட் முன்னால்.

"ரெண்டும் இடம் மாறியிருக்கு" என்றாள்.

அவன் நம்பவில்லை. நட்டுகளைக் குறுக்குமறுக்காகத் தளர்த்தி ஹெட்டுகளைத் தூக்கினான். பின்பக்கத்து ஹெட்டைத் திருப்பி அவளிடம் காட்டினான். அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் அவள் போட்ட உ அப்படியே இருந்தது.

அட்டைகள் எங்கே என்று கேட்டாள். பெட்ரோலில் கழுவும்போது கம்பியோடு அவிழ்ந்துவிட்டன, எது எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் போனது என்றான். எப்போதும் புள்ளியைப் பார்த்துத்தான் மாட்டுவானாம், இந்த முறை புள்ளி இல்லை; ஆனாலும் கவலைப்படவில்லை, ஹெட்டிலேயே எழுதியிருந்ததே என்றான். கிரீஸ் படிந்த விரலை அந்த வெள்ளைக் குறிமேல் வைத்தான்.

"எரடு."

எரடு என்றால் இரண்டு. அவள் புரியாமல் அவனைப் பார்த்தாள். அவன் கொட்டகைக்கு வெளியே கையைக் காட்டினான். கரையில் வரிசையாக நின்ற பெடல் படகுகளில் இரண்டாவதன் மூக்கில், சிவப்பில், முழ உயரத்துக்கு ஓர் உ நின்றது. கன்னட இரண்டு. அவள் முதல் வகுப்பில் கற்றது. நாள்தோறும் பஸ் நெற்றியில் படிப்பது. சின்ன வயதிலிருந்து அந்த எண்ணைக் கண் படிக்கிறது, பதினைந்து வருஷமாக அந்தச் சுழியைக் கை போடுகிறது. கண்ணும் கையும் ஒரு நாளும் சந்தித்துக்கொள்ளவில்லை.

மாதேவசாமியின் முகம் மாறியிருந்தது. அட்டையைத் தொலைத்தது முதலாளிக்குத் தெரிந்தால் சும்மா விடமாட்டார் என்றான். ஜூனில் ஒரு தடவை எச்சரித்திருக்கிறார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அப்போ நான்தான் தப்பா மாட்டிட்டேனா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அதுவும் முழுப் பொய்யாக இருக்காது. ப்யூரெட் தன் மேசைக்குத் திரும்பும், உள்ளறை அப்படியே இருக்கும், யாரும் அந்தச் சுழியைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. தண்ணீரில் யாரோ கத்திக்கொண்டே பெடல் மிதித்தார்கள். அவள் ஹெட்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இது எரடு இல்ல. இது தமிழ் எழுத்து. எங்க ஆளுங்க எதையாவது ஆரம்பிக்கும்போது போடறது. பிள்ளையார் சுழி. முதல் ஹெட்டுங்கறதால இதுல போட்டேன்."

அவன் குறியைப் பார்த்தான். படகைப் பார்த்தான். மெல்லச் சிரிப்பு வந்தது.

"அப்போ முன்னால உட்கார வேண்டிய கணபதியைப் பின் சீட்டுல உட்கார வச்சுட்டேன். அழுத்தம் குறையாம என்ன செய்யும்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவன் சிரித்தது ஆறுதலாக இருந்தது.

ஹெட்டுகளை மாற்றி வைத்து, புது காஸ்கெட் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு வரிசை தவறாமல் முடுக்கினான். மதியம் தாண்டிவிட்டது. கேஜை மாட்டி இன்ஜினைச் சுற்றினான். முன்னால் நூற்றைம்பது. பின்னால் நூற்று நாற்பத்தொன்பது, இன்னொரு சுற்றில் நூற்றைம்பது. முள் நின்றது. பூங்குழலி ஏதோ சொல்லத் திரும்பினாள். அவன் அதற்குள் டிரெய்லரைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தான்.

பழைய இன்ஜின் நீலப் புகை விட்டுக் கிளம்பியது. முதலில் கரையோரமாக மெதுவாக, பிறகு நடு ஏரிக்கு. இரண்டு சிலிண்டரும் ஒரே குரலில் ஓடினால் சத்தம் நூல் பிடித்தாற்போல இருக்கும். அப்படித்தான் இருந்தது. அவள் மரத்துறையின் நுனியில் நின்று கேட்டாள். அவன் தூரத்தில் ஒரு பெரிய வளைவு போட்டுக் கையை உயர்த்தினான். தனக்கா, பின்னால் நிற்கும் டிக்கெட் ஆட்களுக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. கையைத் தூக்குவதற்குள் அவன் முதுகைக் காட்டிப் போய்விட்டான். ஆனாலும் தூக்கினாள்.

வேலாயுதத்துக்குப் போன் செய்து சொன்னாள்.

"அப்ப அவன் மாத்தி மாட்டிட்டான். அதைச் சொல்லிரலாம்" என்றார்.

"என் குறியால வந்ததுங்கண்ணா."

"அந்தச் சுழியைத் துடைச்சுட்டியா?"

"வண்டி தண்ணியில இருக்குதுங்க."

"மாறிப்போச்சுன்னு சொல்லிக்கறேன். யாரு மாத்துனதுன்னு எதுக்கு?"

மாறிப்போச்சு. அந்தச் சொல்லில் ஆள் யாரும் இல்லை. ஆனால் கிளப் முதலாளி அதைக் கேட்டால் முதலில் யாரைத் திரும்பிப் பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு டிக்கெட் அறையின் பக்கத்து அறைக்குப் போனாள். நடக்கும்போதே வாக்கியங்களைக் கன்னடத்தில் அடுக்கிக்கொண்டாள். முதலாளி இரண்டு போன்களோடு உட்கார்ந்திருந்தார். ஹெட்டில் தான் போட்ட குறி எண்ணைப் போல இருந்தது, அதனால்தான் இடம் மாறியது, உங்கள் மெக்கானிக்கின் தவறில்லை என்று மூன்றே வாக்கியத்தில் சொன்னாள். குரல் கரகரத்தது.

அவர் முழுவதும் கேட்டாரா என்று தெரியவில்லை. புதன்கிழமை ஓடுமா என்று கேட்டார். ஓடும் என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு ஒரு போனை எடுத்தார். பெங்களூரைப் பற்றி அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மாலை அஷ்வினி போன் செய்தாள். இன்றைக்கு ஒரு கூத்து நடந்தது தெரியுமா என்று பூங்குழலி ஆரம்பித்தாள். பெடல் படகு, கணபதி, பின் சீட் என்று சொல்லவேண்டியதைப் பஸ்ஸிலேயே மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். ஏரி என்று சொல்லும்போதே அந்தப்பக்கம் குழந்தை எதையோ கீழே தள்ளி உடைத்தது. "அக்கா, அப்புறம் பேசறேன்" என்று அஷ்வினி வைத்துவிட்டாள். பூங்குழலி போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். கீழே டிவியில் செய்தி ஆரம்பித்தது. பைப்பிலிருந்து ப்யூரெட்டை எடுத்துக் கழுவி, தலைகீழாக நிறுத்தி உலரவிட்டாள்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அறையைப் பற்றி வேலாயுதம் எதுவும் சொல்லவில்லை. கவுன்டரில் போட ஒரு புது நாற்காலி வந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றது. அவள் அதைத் தாண்டித்தான் உள்ளே போய் வந்தாள். நாற்காலி யாருக்கு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாததால், புதன்கிழமை சாப்பாட்டு டப்பாவைக் கூட உள்ளேயே வைத்துச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை காலை வேலாயுதம் வந்து, அவளைப் பார்க்காமல் கிரானைட் மேசையைப் பார்த்துப் பேசினார். அதிகாரிகள் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். கிளப்காரர் போன் செய்திருந்தார். தசரா முடிந்ததும் இன்னொரு இன்ஜின் அனுப்புகிறாராம்.

"பெங்களூரு?" என்று அவள் கேட்டாள்.

"அங்க வேண்டாமாம். தன்னோட தப்புன்னு வந்து சொல்லிட்டுப் போச்சே ஒரு அம்மா, அதே அம்மாவே அளக்கட்டும்னாரு." வேலாயுதத்துக்கு அது முழுக்கப் பிடிபடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "ஆனா அந்த மாதேவசாமி பய, அட்டையைத் தொலைச்சது நான்தான்னு அவன் முதலாளிகிட்டத் தானாவே சொல்லியிருக்கான். ரெண்டு பேரும் போட்டி போட்டுட்டு ஒத்துக்கிட்டீங்களா?"

அவள் ப்யூரெட்டில் கெரசினை நிரப்பினாள்.

"சுழியை இனிமே அளவுச் சீட்டுல போட்டுக்கம்மா. இரும்பு மேல வேண்டாம்." கதவருகில் போய் நின்று திரும்பினார். "அந்த நாற்காலி வேணும்னா இங்க உள்ள போட்டுக்கறியா? நின்னுட்டே அளக்கற."

நாற்காலி உள்ளே வந்தது. அன்று மதியம் ஒரு ஸ்கூட்டரின் ஹெட்டைக் கவிழ்த்து வைத்தபோது, கை தானாகப் பெயிண்ட் பேனாவுக்குப் போனது. எடுத்து, 1 என்று மட்டும் எழுதினாள். சுழியைச் சீட்டின் தலையில் போட்டாள். பக்கத்தில் வேறு எண் எதுவும் இல்லாமல், நன்றாக இடம் விட்டு.

கெரசின் இறங்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மாதேவசாமி.

"நூற்றைம்பது, நூற்றைம்பது" என்றான். அதிகாரிகள் போனபிறகும் இன்னொரு தடவை பார்த்தானாம்.

சரி என்றாள். எழுதிக்கொள்கிறேன் என்றாள். அவன் பக்கத்தில் தண்ணீரும் கூச்சலும் கேட்டன. அவள் பக்கத்தில் ப்யூரெட் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று இருவருமே காத்திருந்தார்கள். நன்றி என்று சொல்லலாமா என்று அவள் யோசித்தாள். எதற்கு என்று அவன் கேட்டால் விளக்க வேண்டியிருக்கும்.

"சரி மேடம்" என்றான் அவன்.

"சரிங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டுக் குனிந்தாள். தகட்டுக்கு அடியில் ஒற்றைக் குமிழி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. விரல் நுனியால் ஹெட்டை மெல்லத் தட்டினாள். அது நகரத் தொடங்கியது.